அம்மாக்கள் பார்க்கும் நாடகம்



அன்னை மீனாம்பாள் சிவராஜ் அவர்களின் நினைவைப் போற்றும் இந்த மேடையில் தொலைக்காட்சியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் மன்றத்து நண்பர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். 1904-இல் ரங்கூனில் பிறந்து, கல்லூரி வரை படித்து, பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் மகளிர் மாநாடுகளுக்குத் தலைமை வகித்த ஒரு பெண்மணியின் நினைவு மேடையில் 'சீரியல்' பேச்சா என்று கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். அன்னை 1992-இல் மறைந்தார். அதற்கு அடுத்த ஆண்டு, 1993 ஏப்ரல் 14 அன்று, சன் டிவி ஒளிபரப்பைத் தொடங்கியது. அண்ணல் பிறந்த நாளும் அதுதான். ஆனால் அதை நினைத்து யாரும் அந்த நாளைக் குறித்திருக்க மாட்டார்கள். சித்திரை முதல் நாள் என்று குறித்திருப்பார்கள். அன்னை படிக்கச் சொன்ன பெண்களின் மாலை நேரம் அதற்குப் பிறகு எங்கே போனது என்று கேட்காமல், அவர் பேசிய பெண் கல்வியைப் பற்றி இன்றைக்கு முழுதாகப் பேச முடியாது என்று நினைக்கிறோம்.

எங்கள் கேள்வி எளியது. ஒரு பெண் எதுவரை படித்திருக்கிறாள் என்பது, அவள் தொலைக்காட்சியில் எதைப் பார்க்கிறாள், எப்படிப் பார்க்கிறாள் என்பதை ஏன் மாற்றுகிறது? மாற்றுகிறது என்பதில் சந்தேகம் இல்லை. எங்கள் வீடுகளிலேயே தெரிகிறது. பள்ளிக்கூடப் படியை மிதிக்காத அம்மா, எட்டாவதோடு நின்றுபோன அக்கா, எம்.ஏ. முடித்த தங்கை என்று மூன்று பேரும் ஒரே அறையில் ஒரே பெட்டிக்கு முன்னால் இருந்தாலும் மூன்று விதமாகத்தான் இருக்கிறார்கள். இதற்கு ஊரில் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. படிக்காதவளுக்கு அறிவு மட்டு, அதனால் அழுகாச்சி நாடகம் பார்க்கிறாள்; படித்தவளுக்கு அறிவு கூடுதல், அதனால் செய்தி பார்க்கிறாள். நம் தோழர்கள் வாயிலும் இதைக் கேட்டாயிற்று. இந்தக் காரணம் பொய் என்று சொல்லத்தான் வந்திருக்கிறோம். படிப்பு ஒரு பெண்ணின் கைக்கு வேறு சில வழிகளைத் தருகிறது: எழுத்து, கொஞ்சம் நேரம், வீட்டை விட்டு வெளியே போக ஒரு காரணம். கூடவே எதைப் பார்ப்பதாக வெளியே சொல்லலாம், எதை மறைக்க வேண்டும் என்ற கூச்சத்தையும் கற்றுத் தருகிறது. வித்தியாசம் அங்கிருந்து வருகிறது.

முதலில் ஒரு கணக்கு. தேசியக் குடும்பநல ஆய்வு என்று மத்திய அரசு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடு வீடாக எடுக்கிறதே, அதில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம் வாரத்தில் ஒருமுறையாவது டிவி பார்க்கிறீர்களா, செய்தித்தாள் படிக்கிறீர்களா, வானொலி கேட்கிறீர்களா என்று ஒரு கேள்வி உண்டு. பதில்களைப் படிப்பு வாரியாகப் பிரித்தும் போடுகிறார்கள். நாடு முழுவதுக்குமான அட்டவணையைப் பார்த்தால், பள்ளிக்கே போகாத பெண்களைவிடப் பள்ளி முடித்த பெண்களில்தான் டிவி பார்ப்பவர்கள் அதிகம். படிக்காதவள் எந்நேரமும் டிவியே கதி என்று கிடக்கிறாள் என்று பேசுகிறவர்கள் இந்த அட்டவணையை ஒருமுறை புரட்டட்டும். காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். படிப்பு ஏறும் வீட்டில்தான் மின்சாரமும் பெட்டியும் இருக்கும், உட்கார ஒரு மணி நேரமும் இருக்கும். படிப்பு இல்லாத வீட்டில் இவை ஒவ்வொன்றும் குறையும். நம் மாநிலத்தில் பெட்டி ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டதால் இந்தப் பள்ளம் நம் கண்ணில் படுவதில்லை.

பெட்டி வந்த கதையையும் சொல்ல வேண்டும். 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக்கு, செயற்கைக்கோள் வழியாகப் பாடம் நடத்தும் சோதனைத் திட்டம் ஒன்றை இந்திய அரசு நடத்தியது. 6 மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குப் பெட்டி போனது. நம் மாநிலம் அதில் இல்லை. எழுத்துத் தெரியாத மக்களுக்கு எழுத்து இல்லாமலே விவசாயமும் சுகாதாரமும் குடும்பக் கட்டுப்பாடும் சொல்லிக் கொடுக்கலாம் என்பது அதன் எண்ணம். அதே மாதம் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. அது எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு எட்ட மேலும் பல வருடம் ஆனது. வந்தபோது எங்கே வந்தது? ஊராட்சிக்கு என்று ஒரு பெட்டி வந்தால், அது ஊர்த்தெருவில், ஊராட்சி அறையில்தான் இருந்தது. சேரிக்கும் அதற்கும் நடுவில் ஒரு வயலும் ஒரு பழக்கமும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க எங்கள் ஆண்கள் போய்ப் பின்னால் நின்றார்கள். பெண்கள் போகவில்லை, போக முடியாது. சில அம்மாக்கள் தாங்கள் வேலை செய்யும் வீட்டில் மாட்டுக்கொட்டாய்ப் பக்கமாக நின்று, திறந்த கதவு வழியே ஒரு துண்டுப் படம் பார்த்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போன எங்களுக்கு வேறு ஒரு வழி கிடைத்தது: கூடப் படித்த பிள்ளையின் வீட்டு ஜன்னல். உள்ளே பாய் விரித்திருக்கும். நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். சிநேகிதி எங்களைப் பார்க்காத மாதிரி இருப்பாள், அவளுக்கும் வேறு வழியில்லை. அம்மா கொட்டாயில், மகள் ஜன்னலில். படிப்பு எங்கள் தொலைக்காட்சிப் பழக்கத்தை முதன்முதலில் மாற்றியது அவ்வளவுதான்: நிற்கும் இடத்தை மாற்றியது.

2006-இல் வந்த தமிழக அரசு வீட்டுக்கு ஒரு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. படித்தவர்கள் சிரித்தார்கள். சோறில்லாதவனுக்கு டிவியா என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். நம் ஆட்களும் அதையே எழுதினார்கள். அரசியல் கணக்கு அதில் இருந்தது, யார் இல்லை என்றது? ஆனால் ஒரு விஷயம் அந்தக் கட்டுரைகளில் வரவே இல்லை. தொகுப்பு வீட்டின் மூலையில் அந்தச் சின்னப் பெட்டியை வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, கால் நீட்டி உட்கார்ந்து ஒரு படத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிவரை எங்கள் அம்மாக்கள் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவரை அவர்கள் பார்த்ததெல்லாம் நின்றபடி பார்த்தது, பாதியில் விரட்டப்பட்டது, யாரோ சேனலை மாற்றினால் வாய் மூடிக்கொண்டது. பின்னர் 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. ஒரு நாள் கூலியில் சிறு பகுதி. இந்த இரண்டும் சேர்ந்துதான் எங்கள் தெருவில் நாடகத்தை நாள்தோறும் நடக்கும் காரியமாக்கின.

அதற்கு முன்பு இன்னொன்று நடந்திருந்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் ஓட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்திலும் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் அம்மாக்கள் எழுத்துக் கூட்டினார்கள். கையெழுத்துப் போட்டார்கள், பஸ் போர்டு படித்தார்கள், ரேஷன் கார்டில் தங்கள் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். சுதந்திர இந்தியாவில் 1961 கணக்கெடுப்பின்போது பட்டியல் சாதிப் பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் நூற்றுக்கு 3 பேர் சொச்சம். அந்தப் பள்ளத்திலிருந்து வந்தவர்கள் அவர்கள். ஆனால் கற்ற எழுத்துக்கு அடுத்த தீனி வேண்டாமா? காலனியில் நூலகம் இல்லை. செய்தித்தாள் டீக்கடையில் கிடந்தது; டீக்கடைக்குப் பெண்கள் போவதில்லை. மகளிர் குழு நோட்டில் கையெழுத்துப் போட மட்டும் அந்த எழுத்து பயன்பட்டது. வருடம் போகப் போக எழுத்து மங்கியது. அந்த நேரம் பார்த்துத்தான் தனியார் சேனல்கள் தெருவுக்குள் வந்தன. அவற்றுக்கு எழுத்து வேண்டாம், கண்ணாடி வேண்டாம், வெளிச்சம் வேண்டாம். எழுத்தை வைத்துக்கொள்ள வழி செய்யாத ஒரு அரசும் ஒரு சமூகமும், எழுத்து வேண்டாத பெட்டியின் முன்னால் அவள் உட்கார்ந்ததும் அவளைப் பார்த்துப் பரிகாசம் செய்தன.

செய்தியை ஏன் பார்ப்பதில்லை என்று அம்மாக்களைக் கேட்பவர்கள், செய்திச் சேனலை ஒருமுறை சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்க்கட்டும். திரையில் பாதி எழுத்து. கீழே ஓடுவது ஒன்று, மேலே நிற்பது ஒன்று, பக்கத்தில் பெட்டி கட்டி இன்னொன்று. பேசுகிறவரின் தமிழோ மேசைத் தமிழ். அரசியல் சாசன அமர்வு, இடைக்கால நிவாரணம், நிதிப் பற்றாக்குறை. பத்தாவது வரை படித்தவளுக்கு இந்தச் சொற்கள் பாடப் புத்தகத்தில் எங்கேயோ கண்ணில் பட்டிருக்கும். படிக்காதவளுக்கு அது கோர்ட்டில் வக்கீல் பேசுவது மாதிரி: தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. ஆனால் தங்களைத் தொடும் செய்தியை அவர்கள் விடுவதில்லை. நூறு நாள் வேலைக்குக் கூலி ஏறியதா, ஆயிரம் ரூபாய் யாருக்கு உண்டு யாருக்கு இல்லை, எந்த ஊரில் நம் பிள்ளையை வெட்டினார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு நம்மைவிட முந்தித் தெரியும். ஒருத்தி கேட்டால் தெருவுக்கே தெரியும்.

அப்புறம் அந்த ரிமோட். 2019 பிப்ரவரியில் டிராய் புதிய கட்டண முறையைக் கொண்டுவந்தது; வேண்டிய சேனலை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார்கள். நல்ல ஏற்பாடுதான், பட்டியலைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு. எங்கள் தெருவில் அந்த மாதம் பல வீட்டில் வழக்கமான சேனல் காணாமல் போனது. அம்மாக்கள் சேனலை எண்ணால் நினைவில் வைத்திருப்பவர்கள். இரண்டு தரம் மேல், ஒரு தரம் கீழ் என்று விரல் கணக்கு. செட்டாப் பாக்ஸில் வருவது ஆங்கிலப் பட்டியல். பேரன் பள்ளியிலிருந்து வரும்வரை டிவி ஒரே சேனலில் நிற்கும். அவன் வந்ததும் ரிமோட் அவன் கைக்குப் போகும், பிறகு அவன் அப்பா கைக்கு. அம்மாவுக்கு அது திரும்ப வரும்போது ஓடும் நிகழ்ச்சிதான் 'அம்மாவின் பழக்கம்' என்று பெயர் பெறுகிறது. படித்த பெண் மட்டும் அந்தக் கையிலிருந்து ரிமோட்டை வாங்கிவிடுகிறாளா என்றால் அதுவும் இல்லை. அவள் கைப்பேசிக்கு நகர்ந்துவிடுகிறாள். சண்டை போடாமல் தப்பிக்க அவளுக்கு ஒரு வழி இருக்கிறது, அவ்வளவே.

நேரம் என்று சொன்னோம். 2019-இல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் கூலியின்றிச் செலவிடுகிறார்கள் என்று வந்தது. அதே வேலையில் ஈடுபடும் ஆண்களுக்கு 97 நிமிடம். இது எல்லாப் பெண்களுக்குமான கணக்கு. எங்கள் அம்மாக்களுக்கு இதன் மேல் நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை, செங்கல் சூளை எல்லாம் உண்டு. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தவளுக்குச் சாயங்காலம் ஆறரைக்கு மேல்தான் உடம்பு தரையில் படும். அப்போதும் கை சும்மா இருக்காது; முருங்கைக் கீரை உருவும், பூண்டு உரிக்கும். அந்த நேரத்துக்கும் அந்தக் கைக்கும் ஏற்ற மாதிரிதான் நாடகம் செய்யப்படுகிறது. அடுப்படிக்குப் போய் வந்தாலும் கதை போய்விடாது. ஒரு பாத்திரம் இன்னொன்றைக் கூப்பிடும்போதே உறவைச் சொல்லிவிடும். நேற்று நடந்ததை இன்று இரண்டு பேர் நின்று பேசுவார்கள். வில்லி வருகிறாள் என்றால் இசையே சொல்லிவிடும். இழுவை என்று விமர்சகர்கள் திட்டுவது, பாதிக் கண்ணும் முழுக் காதுமாக உட்கார்ந்திருப்பவளுக்கு வசதி. கல்லூரிக்குப் போய்வரும் மகளுக்கு அது எரிச்சல், அவள் முழுக் கண்ணோடு பார்க்கிறாள் என்பதால்.

சொல்லையும் கவனியுங்கள். படித்தவர்கள் சீரியல் என்கிறார்கள், பத்திரிகைகள் நெடுந்தொடர் என்கின்றன. எங்கள் அம்மாக்களுக்கு அது நாடகம். எங்கள் பக்கத்தில் கூத்துக்கும் நாடகம் என்றுதான் பெயர். பத்து ராத்திரி பாரதம் நடக்கும்; தூக்கம் வந்தால் தூங்கி, விழித்ததும் விட்ட இடத்தைப் பக்கத்தில் இருப்பவளிடம் கேட்டுக்கொள்வார்கள். துகில் உரியும் ராத்திரி துரியோதனனை வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். நாள் கணக்கில் நீளும் கதையைக் கூடி உட்கார்ந்து, நடுவில் பேசி, ஏசிப் பார்க்கும் பழக்கம் டிவி கொண்டுவந்தது இல்லை. வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும் என்பதுதான் பள்ளிக்கூடமும் சினிமா கொட்டகையும் நமக்குப் பழக்கியது.

அப்படி ஏசிப் பார்ப்பதை நாங்கள் விமர்சனம் என்று சொல்கிறோம். 'எதிர்நீச்சல்' என்று 2022-இல் தொடங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிய நாடகம் பலருக்கு நினைவிருக்கும். படித்த பெண்களாகத் தேடிப் பிடித்து மருமகளாக்கி, அவர்களை அடுப்படியிலேயே அடைத்து வைக்கும் ஒரு வீடு. தெருவே அதைப் பார்த்தது. நகரத்தில் அதைப் பெண் விடுதலைக் கதை என்று பாராட்டினார்கள். எங்கள் தெருவில் ஒரு அம்மா கேட்டது வேறு: "ஏன்டி, இவ இன்னாத்துக்கு அழுவுறா? கதவு தெறந்துதான கெடக்குது. கூலிக்குப் போவத் தெரியாதா இவளுக்கு?" அந்த வீட்டுப் பெண்களுக்கு வேலைக்குப் போவது விடுதலை. எங்கள் அம்மாக்களுக்கு வேலைக்குப் போகாமல் ஒரு நாள் வீட்டில் இருப்பதுதான் கனவு. எந்தச் சாதிப் பெண்ணின் துயரம் பெண்ணின் துயரமாகத் திரையில் நிற்கிறது என்ற கேள்வி அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகக் கருத்தரங்கில் இதையே பத்துப் பக்கக் கட்டுரையாக நாங்கள் வாசித்தால் கைதட்டுகிறார்கள்.

இன்னொரு அம்மா ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார்: "படிச்சும் அடுப்பாங்கரைதானா?" ஆட்டை விற்று மகளைக் கல்லூரிக்கு அனுப்பியவர் அவர். அதற்கு எங்களிடம் உடனே பதில் இல்லை.

மகளுக்கு வருவோம். முதல் தலைமுறையாக விடுதிக்குப் போன எங்களில் பலர் அங்கே கற்ற பாடம் ஒன்று உண்டு. 'நான் சீரியல் பார்ப்பேன்' என்று முதல் வாரம் சொன்னவள் அடுத்த வாரம் சொல்லமாட்டாள். சாப்பாடு, சேலை, பேச்சு போலவே பார்க்கும் நிகழ்ச்சியும் எங்கிருந்து வருகிறாய் என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று அவளுக்குப் புரிந்துவிடுகிறது. மாட்டுக்கறியை மறைக்கக் கற்றவள் நாடகத்தையும் மறைக்கக் கற்கிறாள். பியர் பூர்தியு என்ற பிரெஞ்சு அறிஞர் 1979-இல் வெளியிட்ட பெரிய நூலில், ரசனை என்பது வர்க்கத்தைப் பிரித்துக் காட்டும் கோடு என்றும், அந்தக் கோட்டைப் பள்ளிக்கூடம் எப்படிப் போடுகிறது என்றும் ஆராய்ந்தார். நம் ஊருக்கு அதோடு சாதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே, படித்த பெண்கள் நாடகம் குறைவாகப் பார்ப்பதாகச் சொல்லும் எந்தக் கணக்கிலும், குறைவாகப் பார்ப்பவர்களோடு குறைத்துச் சொல்பவர்களும் இருப்பார்கள் என்பது எங்கள் எண்ணம். ராத்திரி விடுதிக் கட்டிலில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அதே நாடகத்தைக் கைப்பேசியில் பார்த்த பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். கொரியத் தொடர் பார்ப்பதைப் பெருமையாகச் சொல்லலாம். அதிலும் மாமியார் உண்டு, பணக்கார வீடு உண்டு, அழுகை உண்டு. ஆனால் அதற்கு ஆங்கிலத்தில் வசன எழுத்து ஓடுகிறது, அதனால் மரியாதை.

இனி, படிப்பைப் பற்றி நம்மைவிட அதிகம் அக்கறை கொண்டவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள்: விளம்பரக்காரர்கள். எந்த நிகழ்ச்சியை எந்தத் தரத்து வீடு பார்க்கிறது என்று கணக்கிட 2011-இல் ஒரு வகைப்பாடு வந்தது. அதற்கு இரண்டே கேள்வி. வீட்டில் முதன்மையாகச் சம்பாதிப்பவர் எதுவரை படித்திருக்கிறார்? மின்சார இணைப்பு, விசிறி, எரிவாயு அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கார் என்று போகும் 11 பொருள்களில் எத்தனை அந்த வீட்டில் இருக்கின்றன? இதை வைத்து வீடுகளை ஏ முதல் ஈ வரை பிரித்தார்கள். பெரும்பாலும் சம்பாதிப்பவர் என்று எழுதப்படுகிறவர் ஆண். ஆக, நாள் தவறாமல் பார்க்கும் பெண்ணின் மதிப்பு அவள் புருஷனின் படிப்பைக் கொண்டு தீர்மானமாகிறது. அண்மையில் வீட்டுப் பெண்ணின் படிப்பையும் சேர்த்துப் புதிய வகைப்பாடு ஒன்று வந்திருக்கிறது. வரட்டும். ஆனால் சோப்பையும் தங்கத்தையும் வாங்கக்கூடிய மேல்தட்டு வீடுகளைப் பார்த்துத்தான் விளம்பரப் பணம் ஓடுகிறது. நாடகத்தில் மாடிப்படி வைத்த கூடம், பூஜையறை, பட்டுப்புடவையோடு சமையல் என்று வீடுகள் அப்படி இருப்பதற்கு இது ஒரு காரணம். கூரையும் தொகுப்பு வீடும் அதில் எப்போதாவது வந்தால், வேலைக்காரி வரும் திசையாக வரும். தெருவுக்குப் பெயர் இருக்காது. 'மெட்டி ஒலி'யிலிருந்து இன்றுவரை எங்கள் அம்மாக்கள் எத்தனையோ வீடுகளுக்குள் போய் வந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டுக்குள் ஒரு நாடகமும் வரவில்லை.

இதனால் நாடகம் கெடுதல் மட்டும்தான் செய்தது என்று முடிவு கட்டிவிட முடியாது. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2001 முதல் 2003 வரை பீகார், தில்லி, கோவா, அரியானா, தமிழ்நாடு ஆகிய ஐந்து இடங்களில் பெண்களிடம் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார்கள். ஆய்வு 2009-இல் வெளிவந்தது. கேபிள் புதிதாக வந்த கிராமங்களில், புருஷன் அடிப்பது சரி என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள், ஆண் குழந்தைதான் வேண்டும் என்ற ஆசை குறைந்தது, வீட்டு முடிவுகளில் பெண்களின் பங்கு கூடியது என்று கண்டார்கள். அடி வாங்கும் நாயகிகளையும் அழும் மருமகள்களையும் காட்டிய அதே காலத்துக் கேபிள்தான் இது. இதில் எங்களுக்கு ஆச்சரியம் இல்லை. அடுத்த வீட்டில் எப்படி நடக்கிறது என்று பார்க்கும் வாய்ப்பே கிடைக்காத பெண்ணுக்கு, கதவுக்குப் பின்னால் நடப்பது ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நாடகம் காட்டியது. படித்தவளுக்கு இந்தச் செய்தி பாடப் புத்தகத்திலும் சிநேகிதியிடமும் அலுவலகத்திலும் கிடைத்துவிடும். படிக்காதவளுக்கு ஒரே வாசல். ஒரே வாசல் உள்ளவள் அந்த வாசலில்தான் அதிக நேரம் நிற்பாள்.

இந்த இடத்தில்தான் நம் மன்றத்தின் வேலை வருகிறது. அன்னை மறைந்த அதே 1992-இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. அதற்கு முன்பே சிவகாமியின் 'பழையன கழிதலும்' வந்திருந்தது. நம் அம்மாக்கள் பேசும் பேச்சை எழுத்தில் ஏற்றியவை என்று அந்த நூல்களைக் கொண்டாடுகிறோம், ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள் என்று மகிழ்கிறோம். அந்தப் பேச்சைப் பேசுகிறவர்களுக்கு அவற்றைப் படிக்க எழுத்து இல்லை. 2011 கணக்கெடுப்பில்கூட, நாடு முழுவதும் பட்டியல் சாதிப் பெண்களில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு 56 பேர் சொச்சம்தான். எழுதப்பட்ட கதை படித்தவளுக்கு, காட்டப்படும் கதை படிக்காதவளுக்கு என்ற பிரிவு நம் இலக்கியத்துக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறது. அம்மாக்கள் தங்கள் தெருவின் கதையை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு, அவர்கள் உட்காரும் நேரத்துக்கு வந்தது கிடையாது.

மன்றத்துக் கூட்டங்கள் வழக்கமாகச் சனிக்கிழமை ஆறரை மணிக்கு, நகரத்து அரங்கில். அந்த நேரத்தில் அம்மாக்கள் எங்கே இருப்பார்கள் என்று தெரியும். பெண்கள் வருவதில்லையே என்று வருத்தப்பட்டுப் பயனில்லை. இந்த வருடம் கோடையில் எங்களில் நாலு பேர் எங்கள் காலனியில் வேறு மாதிரி வைத்துப் பார்த்தோம். நூறு நாள் வேலை முடிந்து, சாப்பிட்டு, மூன்று மணி வாக்கில் புங்கமரத்தடியில் உட்காருவார்களே, அங்கே 'கருக்கு'வை உரக்கப் படித்தோம். மேடை இல்லை, மைக் இல்லை. நாடகத்துக்கு முன்பே முடித்துவிடுவோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். அதைக் கேட்டதும்தான் பாதிப் பேர் உட்கார்ந்தார்கள். மதுரைப் பக்கத்துக்குத் தெற்கே உள்ள பேச்சு என்பதால் சில சொற்களுக்கு எங்கள் பக்கத்துச் சொல்லை வைத்துப் படிக்க வேண்டியிருந்தது. நடுவில் பேசினார்கள், ஏசினார்கள், எங்கள் ஊரிலும் இப்படித்தான் என்று வேறு கதைக்குப் போனார்கள், திரும்ப வந்தார்கள். ஒரு பக்கம் படிக்க அரை மணி ஆனது. நிறுத்தும்போது, "மிச்சம் எப்ப?" என்று கேட்டார்கள். திங்கள் என்றோம். "திங்கக்கெழம வரைக்குமா? தெனமும் வையேன்" என்றார் ஒரு ஆயா.

தினமும் படிக்க எங்களால் ஆகவில்லை, எங்களுக்கும் வேலை இருக்கிறது. வாரம் இரண்டு நாள் படிக்கிறோம். எட்டாவதோடு நின்ற ஒரு பெண் இப்போது தானே ஒரு பக்கம் படிக்கிறாள், திக்கித் திக்கி. மன்றம் இதற்காக வாங்கித் தர வேண்டியது பெரிய எழுத்தில் அச்சடித்த நூல்களும், காலனிக்கு ஒன்றிரண்டு படிக்கும் கண்ணாடிகளும். பட்டியலைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். ஆறு மணி ஆகப் போகிறது, வேன் நிற்கிறது.